வில்பெர்த் கடையிலிருந்து நூறு மீட்டர்

பிப்ரவரி 9
வீட்டை விற்றே ஆக வேண்டுமாம். மகள் யோர்லெனி இன்றும் வந்து அதே பாட்டைப் பாடினாள். "முட்டி வலியோட இந்தப் பன்னெண்டு படியை ஏறி இறங்க முடியுமாம்மா? என் வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன்." அவள் சொல்வது சரிதான். அதனால்தான் எரிச்சலே.

பிப்ரவரி 20
வீட்டைப் பார்க்க வந்தவர் வழி தெரியாமல் போன் செய்தார். "வில்பெர்த் கடையிலேர்ந்து கிழக்கே நூறு மீட்டர், ரோஸ் கலர் வீடு" என்றேன்.

"அப்படி ஒரு கடையே இங்க இல்லையேம்மா!"

கடை மூடி இருபது வருஷம் ஆயிற்று என்று சொல்ல மறந்துவிட்டேன். சான் ஹோசேயில் யார் வீட்டு எண் சொல்கிறார்கள்? இல்லாத கடையை வைத்துத்தான் இருக்கிற வீட்டைக் கண்டுபிடிக்கிறோம். வில்பெர்த் கொடுத்துவைத்தவர், செத்தும் எல்லோர் வாயிலும் இருக்கிறார். நான் போய்விட்டால் என்னை இங்கே யார் நினைக்கப் போகிறார்கள்?

மார்ச் 2
பூங்காவுக்குப் பின்னால் ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் தனியாக நடந்தேன். என் வீட்டுக்காரர் எவெலியோ இருந்தவரை தினமும் காலையில் இரண்டு பேரும் போவோம். மூங்கில் புதர் வந்ததும் நின்றுகொண்டு, "என்ன ஒதிலியா, மூச்சு வாங்குதா?" என்பார். மூச்சு வாங்குவது அவருக்குத்தான்! இன்று அங்கேயே நின்று அழுதேன். முப்பத்தெட்டு வருஷம் — எப்படி விட்டுப் போவேன்?

மார்ச் 15
கையெழுத்துப் போட்டாயிற்று.

ஏப்ரல் 1
ஃபிளாட். லிப்ட் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.

ஜூலை 6
மனசு கேட்கவில்லை. டாக்ஸி பிடித்தேன். ஓட்டியவள் சின்னப் பெண், வெடுக்வெடுக்கென்று பேசினாள். பழக்க தோஷம், "வில்பெர்த் கடை" என்றேன்.

"அது எங்கம்மா இருக்கு?"

"ஓடைப் பூங்கா பக்கம். ரோஸ் கலர் வீடு ஒண்ணு—"

"அட, ஒதிலியாம்மா வீடு இருந்த இடம்னு சொல்லுங்க!"

இருந்த இடமா? "இடிச்சுட்டாங்களா?"

"போன மாசமே. ஆனா அந்தப் பக்கம் எல்லாரும் அங்கேர்ந்துதான் வழி சொல்றாங்க. யாரும்மா அந்த ஒதிலியா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பெரிய வாயாடி."

சிரித்தாள். "சரி, அங்கேர்ந்து எத்தனை மீட்டர் போகணும்?"

"ஒரு மீட்டரும் வேண்டாம்" என்றேன். "அங்கேயே இறக்கி விடு."