இடுப்புக்குக் கொசுறு கிடையாது

திருச்செந்தூரான் துணை
முத்தையாபுரம்

அன்பு மகள் சந்தனச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நம்ம பலசரக்குக் கடையும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று கேட்பாய். நான் இடுப்பு என்று ஆரம்பித்தாலே நீ அழுகிறாய், அம்மா நீ வர வேண்டாம், இங்கேயே ஆள் வைத்துக்கொள்கிறோம் என்கிறாய், என்னைப் பேசி முடிக்க விட்டால்தானே. பக்கத்து வீட்டு வீரபாகு அண்ணாச்சி மகன் நீ இருக்கிற தோஹாவுக்கு வாரான் என்றதும் உளுந்தையும் கருப்பட்டியையும் கட்டி வைத்துவிட்டு இதையும் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அழு.

கடையில் எண்ணெய் டின்னைத் தூக்கி இடுப்பு பிடித்ததிலிருந்து எனக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பிறந்த பிள்ளையைக் காலை நீட்டி உட்கார்ந்து காலில் போட்டுத்தானே குளிப்பாட்ட வேண்டும், உன்னையும் அப்படித்தான் குளிப்பாட்டினேன். உட்கார்ந்து குனிய முடியாதவள் அங்கே வந்து என்ன செய்ய, உனக்கு நான் இன்னொரு பிள்ளையாகத்தான் இருப்பேன் என்று நினைத்து மனசே விட்டுப்போச்சு. டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு எலும்பில் குறை இல்லை, கீழ்முதுகுத் தசைக்குத்தான் வலு இல்லை, படுத்தே கிடந்தால் இன்னும் மோசமாகும் என்று பிசியோவிடம் அனுப்பினார். பிசியோ பெண் பேர் ஜெனிஸ், மணப்பாட்டுக்காரி, உன் வயதுதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்தி மெதுவாக இறக்கச் சொன்னாள். அப்புறம் தவழுகிற பிள்ளை மாதிரி இருந்துகொண்டு, ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டி ஆடாமல் இருக்க வேண்டும். முதல் நாள் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சும்மா இருந்தேனா நான், அவள் சொன்ன கணக்குக்கு மேலே தினமும் கொஞ்சம் கூடப் போட்டேன். சீனி நிறுத்தால் ஒரு கை கொசுறு போடாமல் எனக்குப் பொட்டலம் கட்ட வராது, உடம்புக்கு மட்டும் கறாராக நிறுத்துக் கொடுப்பதா என்று நினைப்பு. கடைசியில் ஒரு நாள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்பாதான் தூக்கி விட்டார். அடுத்த தடவை போனதும் ஜெனிஸ் கண்டுபிடித்துவிட்டாள். கொசுறெல்லாம் கடையோட இருக்கட்டும்மா, தசை ஓய்வுலதான் வளரும், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்க, வெயிட்ட மெதுவாத்தான் கூட்டணும்னு கண்டித்துவிட்டாள். அதிலிருந்து சொன்னதைத் தாண்டுவதில்லை. இப்போது கட்டைப்பையில் உப்புப் பாக்கெட் போட்டு, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து தூக்குகிறேன். ஒரு பாக்கெட்டில் ஆரம்பித்தது, இப்போது அரைப்பைக்கு வந்திருக்கிறது. அன்றைக்கு எண்ணெய் டின்னைத் தூக்கிய லட்சணம் இப்போதுதான் புரிகிறது.

இனிமேல் காலை நீட்டி உட்காரலாம் என்று போன வெள்ளிக்கிழமை ஜெனிஸ் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பச்சரிசியைப் பிள்ளை கனத்துக்கு நிறுத்து, துண்டில் சுற்றிக் காலில் போட்டேன். தண்ணீர் இல்லாமலே தேய்த்துக் குளிப்பாட்டினேன், குப்புறப் போட்டேன், திருப்பிப் போட்டேன், இடுப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடுப்பை வைத்துக்கிட்டு பிளைட் ஏறப் போறாளாம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்ன மனுஷன்தான். பொட்டலம் லேசாக நழுவியதும் ஓடி வந்து, ஏளா, தலையப் பிடி, தலையப் பிடின்னு பதறி இரண்டு கையாலும் அரிசியைத் தாங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பீரோவைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்.

அதனால் ஆள் பார்க்கிறதை நிறுத்திவிட்டு எனக்கு டிக்கெட் போடு. நீயும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காமல் மெதுவாக நட, கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்கு. நல்லபடியாகப் பிள்ளை பெற்றுப் பிழைத்து, நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நல்லா இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, உங்கள் குளியலறையில் நான் காலை நீட்டி உட்கார இடம் இருக்கிறதா என்று மாப்பிள்ளையை இன்றைக்கே அளந்து பார்க்கச் சொல்.

இப்படிக்கு,
வந்துகொண்டிருக்கிற உன் அம்மா,
இசக்கியம்மாள்