அத்தை மகனைக் கட்டிக்கொண்ட குற்றம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவு, அந்தச் சயனைடு மேட்டுப் புழுதி, காயப்போட்ட துணி பூராவும். மறுபடி துவைக்க வேண்டும். ஜெனிக்கு லேசாக இருமல். எனக்கு லேப் டியூட்டி பத்துக்கு.

பதினொன்றரைக்கு மெயில். புருஷனிடம் வெளிநாடு போக விசா இல்லை. எனக்கும் இல்லை, ஜெனிக்கும் இல்லை. ரத்தம் எடுக்கும் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை படித்தேன்.

சுருக்கம்: எனக்கும் என் புருஷன் சாமுவுக்கும் பிறந்ததிலிருந்து ஒரே வீட்டு விலாசம். ஆனால் ரத்த சொந்தம் இல்லை என்று விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறோம். ஆகவே தெரிந்தே மறைத்தோம். நாங்கள் அண்ணன் தங்கை என்று நம்ப இடமுண்டாம்.

அண்ணன் தங்கை! நாலு வயதில் எங்களுக்கு ஒரு மகள். எழுதினவன் எதிரில் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

எங்கள் ஸ்கெலட்டன் காலனிக்கு ஒரு நடை வந்து பார்க்கட்டும். தாத்தாவுக்குக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ், நம்பர் 41. அத்தை கல்யாணமாகியும் இங்கேயே தங்கியதால் நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அப்பாவின் தங்கை, அதாவது அத்தை. வாசல் இரண்டு, அடுப்பு இரண்டு, நம்பர் ஒன்று. சுரங்கத்தை மூடிய பிறகு இன்னொரு நம்பர் கொடுக்க எவன் வரப்போகிறான்? சாமு அந்தப் பக்கம் பிறந்தார், நான் இந்தப் பக்கம். கல்யாணமானதும் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "இன்னாது? எவன்மா எழுதினான்? பேர் போட்டுக்கிறானா?" பேர் இல்லை. கீழே ஒரு நம்பர்தான். அப்பா சாப்பிடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. அரை நாள் லீவு. ராபர்ட்சன்பேட்டை, பஸ் ஸ்டாண்டு பின்னால், விசா ஏஜென்ட் ஆபீஸ். ஏசி ஓடுகிறது, மூளை ஓடவில்லை அந்த ஆளுக்கு.

"பாரத்துல, கல்யாணத்துக்கு முந்தியே நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமான்னு கேட்டிருந்தான்மா. நாந்தான் இல்லைன்னு டிக் போட்டேன். அத்த பையன் முறை பையன். அதப் போயி எவனாவது ரத்த சொந்தம்னு சொல்லுவானா?"

"அவங்களுக்கு முறைன்னா இன்னான்னு தெரியுமா சார்?"

"நீங்களும் பக்கத்துல தானே குந்தினு இருந்தீங்க. ஆமான்னு தலையாட்டினீங்களே."

ஆட்டினேன். அதுதான் இன்னும் எரிகிறது. நம் ஊரில் கேட்டால் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சித்தப்பா மகன் என்றால் ரத்தம். அத்தை மகன் என்றால் மாப்பிள்ளை.

ஜூன் 12, வியாழன்

சாமு பேசினார். அங்கே ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்த முகம். கண் சிவப்பு.

அங்கே ஒரு வக்கீலம்மாவைப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னது, எனக்குப் புரிந்தவரை: கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் நாங்கள் புருஷன் பெண்டாட்டியா என்று ஜட்ஜ் சொல்ல மாட்டார். அந்த அதிகாரி முடிவு எடுத்த முறை சரியா என்று மட்டும் பார்ப்பார். எங்கள் இரண்டு பேர் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டும் பைலில் இருந்தன. அப்பா அம்மா பெயர் வேறு வேறு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை அந்த ஆள் புரட்டவே இல்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பிடி அதில்தான்.

இன்னொன்று. வழக்கு முடியும்வரை சாமு அந்த நாட்டை விட்டு நகரக் கூடாது. அவருடைய விசா நீட்டிப்பும் அதே ஆபீசில்தான். போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ.

"அப்ப கிறிஸ்மஸுக்கு?"

"வக்கீல் வேணாங்கறாங்கமா. இன்னா பண்ண சொல்ற?"

போனை வைத்துவிட்டேன். அவர் மேல் கோபம் இல்லை. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அவர் மேல் காட்டினேன்.

ஜூன் 20, வெள்ளி

தூறல். கோலார், நோட்டரி. அத்தையும் கூட.

எடுத்துப்போனது: ஆதார் 2, ஞானஸ்நானச் சர்டிபிகேட் 2, சர்ச் கல்யாண ரிஜிஸ்டர் நகல், நடுச்சுவர் போட்டோ (அப்பா டேப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், போலீஸ் போட்டோ மாதிரி), வாட்டர் பாட்டில், ஜெனிக்கு பிஸ்கட்.

வக்கீலம்மா கேட்டபடி, நாங்கள் அண்ணன் தங்கையாக வளரவில்லை என்று அத்தை வாக்குமூலம் தர வேண்டும். நோட்டரி கன்னடத்தில் கேட்க, அத்தை தமிழில் கொட்டினார்.

"இவ ஏழு வயசுல எம்புள்ளய அண்ணான்னு கூப்ட்டா சார். உட்டேன் ஒண்ணு கன்னத்துல. முறை பையன அண்ணான்னா நாளைக்கு எப்பிடிடீ கட்டுவேன்னு. அதுக்கப்புறம் கூப்டவே இல்ல. எழுதிக்கோ, அடிச்சேன்னே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டார். அந்த அறை எனக்கும் ஞாபகம். இன்று ஸ்டாம்பு பேப்பரில். வெளியே வந்து அத்தை அழுதார். நான் பெற்ற பிள்ளைக்கு நானே சாட்சி சொல்ல வேண்டுமா என்று. டீ வாங்கிக் கொடுத்தேன்.

டிச. 25

குளிர். ஆராதனை முடிந்து வீடியோ கால். ஜெனி புதுக் கவுனைக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். சர்ச்சில் மூன்று பேர் கேட்டார்கள், "இன்னும் போகலையா?" போகலை. போகலை. போகலை.

மார்ச் 5

வெயில் ஆரம்பம். லேபில் கூட்டம்.

ஜெயித்துவிட்டோம்! அதிகாரி செய்தது தவறு, உத்தரவு ரத்து. அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

மாலை சாமுவிடம், "மாமா, டிக்கெட் எப்ப போடலாம்?"

அப்போதுதான் சொன்னார். கோர்ட் விசா தராதாம். அதே ஆபீசுக்குத் திருப்பி அனுப்பும். வேறு அதிகாரி முதலிலிருந்து பார்ப்பார். எத்தனை மாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மைசூர்பாகை என்ன செய்ய?

மே 12, செவ்வாய்

காலை ரயிலில் பெங்களூரு. நின்றுகொண்டே. ஜெனி அத்தையிடம்.

நேர்காணல். கண்ணாடி போட்ட ஒரு சின்ன ரூம், திரையில் அந்த நாட்டு அதிகாரி, புதுசு, சின்ன வயசுப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. சுவர் பற்றி, அத்தை பற்றி, எல்லாம் மரியாதையாகத்தான் கேட்டாள். முடிகிறது என்று நினைத்தேன்.

கடைசிக் கேள்வி. தமிழம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இந்த ஒரு வருஷமா உங்க கணவர் உங்களையோ குழந்தையையோ பார்க்க ஒரு தடவைகூட வரலை. உண்மையான கல்யாணம்னா வந்திருப்பாரேன்னு கேக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்கதாங்க பிரிச்சு வெச்சீங்க. இப்ப ஏன் பிரிஞ்சி இருக்கீங்கன்னு நீங்களே கேக்கறீங்களா? நான் சொன்னத அப்பிடியே சொல்லுங்கம்மா. ஒரு வார்த்த குறைக்காதீங்க."

சொன்னார். அந்தப் பெண் குனிந்து டைப் செய்தாள். ரொம்ப நேரம்.