எதிர்மனுதாரரின் சட்டை

தம்பிக்கு, அண்ணன் எழுதுவது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நம் தையல் கடை முழுவதும் உனக்கே என்று நீ போட்ட மனுவின் நகல் வந்தது. என் பேருக்குப் பக்கத்தில் 'எதிர்மனுதாரர்' என்று இருந்ததை ஏதோ பட்டம் என்று நினைத்து, அளவு கொடுக்க வந்த நாலு பேரிடம் காட்டிப் பெருமையடித்துவிட்டேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு வேறென்ன செய்யும்?

நாலாவது ஆள் வாத்தியார்.

"அண்ணே, இது பட்டமில்ல, வழக்கு. மனு போட்டவர் மனுதாரர். நீங்க அவருக்கு எதிர்ல நிக்கிறவர்."

"அப்ப எதிரின்னா?"

"அதுவும் அதே வழியில வந்ததுதான். எதிர்ல நிக்கிறவன்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடைக்கு நடுவில் நீ பலகை அடித்து மறைத்த நாளிலிருந்து, மூன்று வருஷமாக உன் மெஷின் சத்தத்தைத்தான் கேட்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியென்றால் நாம் இன்னும் எதிரியாகக்கூட ஆகவில்லையேடா. திங்கட்கிழமை கோர்ட்டில்தான் ஆகப்போகிறோம். அன்றைக்காவது தரையைப் பார்க்காமல் நில்.

அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை தைத்தேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது இஸ்திரிப்பெட்டி அதன் முதுகில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் பெட்டி அளவுக்கு ஓட்டை இருக்கிறது. எதிரில் நிற்பதால் உனக்குத் தெரியாது.

உன் அண்ணன்