மூன்று மடிப்பு லைனிங் துணி

என் தவளைக்குட்டிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் உன் ஆறும் நலமா? கரையில் கூடாரம் போட்டிருக்கிறோம், பத்தாம் தேதி வரை போன் எடுக்காது என்றாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ ஆபீஸுக்குத் திரும்பும்போது இந்தப் பெட்டி உன் மேஜைமேல் இருக்கும், பாட்டிலைத் திறக்கும் முன் கடிதத்தைப் படித்துவிடு. கடையில் தலைக்கு மேல் வேலை, பள்ளிச் சீருடை மட்டும் நாற்பது, அளவு கொடுத்த பிள்ளைகள் நான் தைத்து முடிப்பதற்குள் வளர்ந்து தொலைக்கிறார்கள். நீ ஈர பூட்ஸோடு உட்கார்ந்திருக்காதே, காலில் புண் வந்தால் அப்புறம் எந்த ஆற்றில் இறங்குவாய்?

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கோபப்படாமல் படி. வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் மாதாமாதம் தண்ணீர் பிடித்து அனுப்பச் சொல்லி ஐந்து பாட்டில் கொடுத்துவிட்டுப் போனாயே, நாலு மாதம் தவறாமல் அனுப்பினேன். தண்ணீர் நினைத்ததைவிடத் தெளிவாக இருக்கிறது, கால்வாய் தேறிவருகிறது என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, துணி கொடுக்க வந்தவர்களில் ஒருவரையும் விடாமல் பீற்றிக்கொண்டேன். அதை வைத்துத்தான் நீ அறிக்கை எழுதியிருக்கிறாய், பதினைந்தாம் தேதி பெரிய அதிகாரிகள் முன்னால் பேசப்போகிறாய், அது நல்லபடியாக நடந்தால் வேலை நிரந்தரம், எல்லாம் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை கடைசி பாட்டிலுக்குப் புனல் பிடிக்க அப்பா வந்தார். நான் பாட்டில் வாயில் துணி கட்டுவதைப் பார்த்து இது எதுக்கு என்றார். மண்ணும் பூச்சியுமாவா புள்ளைக்கு அனுப்புவாங்க என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்தி, அடியே, அந்த மண்ணையும் பூச்சியையும் எண்ணத்தானே அவ படிச்சிருக்கா என்றார். கட்டிய துணியை அவிழ்த்துக் கீழே போட்டேன். ஆமாம் கண்ணே, நாலு மாதமும் லைனிங் துணியை மூன்றாக மடித்து வடிகட்டித்தான் அனுப்பினேன். பாட்டிலைச் சோப்புப் போட்டு வேறு கழுவினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவ பேசி முடிக்கட்டும், வேலை கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. கால்வாய் தேறிவிட்டது என்று நீயே சொன்னால், தண்ணீர் வரும் பக்கம் கழிவைத் திறந்துவிடுகிறவர்களை அப்புறம் யார் கேட்பார்கள்? அறிக்கையைத் திருப்பி வாங்கு. ஏன் என்று கேட்டால் எங்கம்மா வடிகட்டிட்டாங்க என்று சொல், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பது எனக்கொன்றும் புதிதில்லை. உன் வேலை ஒரு வருடம் தள்ளிப்போகுமோ என்று நினைத்தால்தான் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. மன்னித்துக்கொள், தாயே.

இந்த முறை துணியும் இல்லை, சோப்பும் இல்லை. பாட்டிலைக் கால்வாய்த் தண்ணீரிலேயே மூன்று தரம் அலசிப் பிடித்தோம், தேதியும் நேரமும் அப்பா ஒட்டியிருக்கிறார். நீ எங்கே நின்று பேசினாலும் தலைநிமிர்ந்து பேச இருவருடைய ஆசியும் உண்டு. பதினைந்தாம் தேதிக்கு முன்னால் மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும், மறக்காதே. மூடியைத் திருகும்போது உள்ளே ஒரு சின்னப் புழு நெளிந்தது. எடுத்துப் போடக் கை துறுதுறுத்தது. அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் அம்மா