பழைய ரேடியோவில் மட்டும் கேட்ட நிலையம்

8 ஜூலை, திங்கள்

விடியும்போதே புழுக்கம். பழைய ரேடியோவில் மாலை ஐந்தரைக்கு 10.9 மெகாஹெர்ட்ஸில் பேசுகிற அந்த ஆள், புது ரேடியோவில் ஏன் வருவதே இல்லை? தெரியவில்லை. மூன்று வாரமாக இதே பதில்தான்.

நேற்று சிற்றலை நேயர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒப்பீடு, சுருக்கமாக:

பழசு (படிப்பு முடித்த வருடம் வாங்கியது) - குரலில் கனம் உண்டு. முள் தோராயம். பக்கத்து நிலையம் மேலே ஏறி உட்காரும். பேட்டரி மாதக்கணக்கில் நிற்கும்.

புதுசு (என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது) - எண்ணை அமுக்கினால் அதே இடம். குரல் தகர டப்பா. சார்ஜர் செருகியிருந்தால் ஒரே இரைச்சல். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பீப், என்னைத் திருத்துவதுபோல.

முடிவு: பட்டியலில் இல்லாத நிலையத்தைப் பழையது மட்டுமே பிடிக்கிறது. புதியதை நம்பிப் பழையதைக் கைவிட வேண்டாம்.

குழுவில் குதூகலம். ரகசிய ஒலிபரப்பாம். உளவு என்கிறார் ஒருவர். என்ன மொழி என்றே யாருக்கும் தெரியவில்லை, அதற்குள் உளவு.

குழுவில் இருக்கும் அத்திப்பட்டு மனுவேலிடமிருந்து குரல் பதிவு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அதனால் எழுதுவதில்லை, பேசி அனுப்புவார்.

"மேடம், நீங்க எழுதுனத எம்பொண்ணு படிச்சிக் காட்டுச்சு. பழசுல முள்ள அங்க வைக்கச் சொன்னேன். தோ, அந்த ஆளு பேசுறான்! எம்பொண்ணு வாங்கியாந்த புதுசுல ஒண்ணியும் காணோம். அந்த டப்பாவ நீயே எத்துகினு போம்மான்னு சொல்ட்டேன்."

கேட்கப் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

9, செவ்வாய்

மின்சாரம் இரண்டு முறை போனது. கம்பெனி பஸ் தாமதம். லேபில் மூன்று கம்பி மாதிரிகள் தேறவில்லை. "மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்" என்கிறார் சூப்பர்வைசர். கம்பி மோசம் என்று மட்டும் வாயில் வராது.

மதியம் தெரியாத எண். மனுவேலின் மகள் ஸ்டெல்லா. மஸ்கட்டில் நர்ஸ், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். புது ரேடியோ அவள் கொண்டுவந்தது.

"மேடம், அப்பாவுக்கு முள்ளு தெரியாது. இப்போ நா வச்சித் தரேன். வெள்ளிக்கிழம நா போய்ட்டா யாரு வைப்பாங்க? அம்மாவும் இல்ல. புதுசுல நம்பர் அமுக்குனா போதும்னு ஒரு வாரமா அவரு விரலப் புடிச்சிப் பழக்கி வச்சிருந்தேன். நீங்க ஒரு வரி எழுதுனீங்க. எல்லாம் போச்சு."

"கேட்டதைத்தாம்மா எழுதினேன்" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க" என்று வைத்துவிட்டாள்.

பிறகு நாள் முழுக்க எரிச்சல். அவள் மீதா, என் மீதா? இரவுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று இவர் சொன்னபோது இவர் மீது என்று தீர்மானித்தேன்.

10, புதன்

தூறல்போல வந்து ஏமாற்றியது. மொட்டைமாடிக்கு இரண்டு ரேடியோக்களையும் எடுத்துப் போனேன். இவர் படியில் நின்றுகொண்டு, "இன்னா, ரெண்டையும் வச்சிக்கினு குடித்தனமே பண்றியா? ஒரு டீயாவது கெடைக்குமா?" டீத்தூள் இருக்கும் இடம் அவருக்கும் தெரியும்.

ஐந்தரை. பழையதில் 10.9, அந்த ஆள், நடுநடுவே நரம்பு வாத்தியம். புதியதில் அதே எண்ணில் வெறும் காற்று. வெறுத்துப் போய் அதைத் தானாகத் தேடவிட்டேன். 11,810 கிலோஹெர்ட்ஸில் நின்றது. அதே ஆள். அதே வாக்கியம். கண்ணாடிபோல் தெளிவு.

10.9 மெகாஹெர்ட்ஸ் என்றால் 10,900 கிலோஹெர்ட்ஸ். 11,810-இல் 10,900 போக 910.

பழைய ரேடியோவின் உள்ளே எல்லா நிலையமும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றப்பட்டுத்தான் வேலை நடக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 910 மேலே இருக்கும் வலுவான நிலையத்தின் பிம்பம் கீழே வேறோர் இடத்தில் விழும். தேர்வில் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ரகசிய நிலையமும் இல்லை, மண்ணும் இல்லை. 11,810 பட்டியலிலேயே இருக்கிறது. பழையதில் அந்த இடத்தைப் பக்கத்து நிலையம் எப்போதும் அமுக்கிவிடுவதால் நான் அங்கே பார்த்ததே இல்லை.

புதியது 10.9-இல் எதையும் காட்டாதது அதன் குறை அல்ல. அங்கே எதுவும் இல்லை. அதைத்தான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

குழுவில் எழுத வேண்டும். நாளை.

11, வியாழன்

நாலு முறை எழுதி அழித்தேன். "மேலும் ஆராய்ந்ததில்" என்று தொடங்கியதை அழித்தது நல்லது. கடைசியில்: "என் முடிவு தவறு. நான் கேட்டது பிம்பம்." கீழே கணக்கு. பதிலாகக் கட்டைவிரல்கள். உளவு என்றவர் வருத்தமான முகம் ஒன்று போட்டார்.

மனுவேலுக்குப் போன் செய்தேன்.

"எம்பொண்ணு உங்கள புடிச்சி பேஜாரு பண்ணிச்சாமே மேடம். அதுக்கோசரம் மாத்திச் சொல்றீங்க."

"இல்ல மனுவேல் சார், நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நானே கேட்டேனே. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் கீது."

910-ஐ விளக்கப் பார்த்தேன். "கணக்கெல்லாம் வேணாம் மேடம், நீங்க எழுதுனதே போதும்." தப்பை எழுத்தில் கொடுத்தால் நம்புகிறார். சரியானதை வாயால் சொன்னால் மரியாதைக்குச் சொல்வதாக நினைக்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

நேரில் காட்டினால்தான் உண்டு. ஆனால் நிகழ்ச்சி ஐந்தரைக்கு, ஸ்டெல்லாவுக்குக் கார் நாலு மணிக்கு. அரைநாள் விடுப்பு சொல்லியாயிற்று. என் கணிப்பு: அவர் நம்பமாட்டார். ரேடியோ மஸ்கட் போகும். நான் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன்.

12, வெள்ளி

நடந்தது இது.

நிலக்கரி வண்டிக்கு வழிவிட்டு மின்சார ரயில் மீஞ்சூரில் நின்றேவிட்டது. அத்திப்பட்டில் இறங்கி வீட்டைக் கண்டுபிடித்தபோது மூன்றே முக்கால். பெட்டிகள் வாசலில். ஸ்டெல்லா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

மனுவேல் நாற்காலியில். அவர் முகத்துக்கு நேராக, தப்பு என்னுடையது என்றேன்.

"ஒக்காருங்க மேடம். இவளுக்காக இம்மாந்தூரம் வந்தீங்களா?"

"பாருங்க" என்றாள் ஸ்டெல்லா என்னிடம். "இவர இப்பிடி ஆக்கி வச்சிருக்கீங்க."

வெளியே கார் ஹாரன். ஐந்தரை வரை ரேடியோவை விட்டுப் போகச் சொன்னேன். சரிவராவிட்டால் நானே அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவள் பெரிய பெட்டியைக் கிடத்தித் திறந்தாள். துணிகளையெல்லாம் கட்டிலில் போட்டு, அடியிலிருந்து ரேடியோவை எடுத்து, என் மடியில் வைத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. துணியைத் திரும்பத் திணித்து, "வரேம்பா" என்றாள். "போய்ட்டு வா" என்றார், சுவர்ப்பக்கம் பார்த்து.

ஐந்தரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். டீ அவரே போட்டார், தடவித் தடவி. உதவ எழுந்தேன், வேண்டாம் என்றார்.

ஐந்தரைக்கு முதலில் அவருடைய பழசு. 10.9-இல் முள்ளை நான் வைத்தேன். அந்த ஆள். "தோ" என்றார்.

பிறகு புதியதை அவர் கையில் கொடுத்தேன். விரலைப் பிடிக்கவில்லை. எண்ணை மட்டும் சொன்னேன். நடுவில் மேடு வைத்த ஐந்தைத் தொட்டுக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒன்று, ஒன்று. எட்டுக்குப் பதில் ஏழு. அதற்கும் அதே பீப். அது ஏழு என்றேன். "மொதல்ல இருந்தா?" என்றார். முதலிலிருந்து என்றேன். ஒன்று ஒன்று எட்டு ஒன்று சைபர்.

இரண்டு ரேடியோக்களிலும் ஒரே ஆள், ஒரே வாக்கியம். பழையதை அவரே நிறுத்தினார். புதியதைக் காதருகே வைத்துக்கொண்டார். நான் விளக்கவில்லை.

பிறகு, "அவளுக்குப் போன் போடுங்க மேடம்."

போட்டேன். ஸ்டெல்லா மாதவரம் பக்கம் நெரிசலில். அவர் ரேடியோவை என் போனோடு ஒட்டிப் பிடித்தார்.

"இன்னாப்பா இது? எந்த பாஷ?"

"யாருக்குத் தெரியும்" என்றார். "நானே வச்சேன்."