உன் குழிகளில் நட்ட கன்றுகள்

இன்று காலை ஊற்றுத் தண்ணீரை உன் எனாமல் கோப்பையில் பிடித்துப் பார்த்தேன். அடியில் எனாமல் பெயர்ந்து, மிளகளவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்குமே, அது தெரியவில்லை. தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லையடி. அதற்குள் இப்படி ஆக்கிவிட்டார்கள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்க் கத்துவேன்?

பெருமழை பெய்த மறுநாளெல்லாம் நீ அந்தக் கோப்பையோடு ஊற்றடியில் நிற்பாய். "பொட்டு தெரியுதாடி? தெரிஞ்சா குடி. தெரியலன்னா மேல மண்ணு கெளம்பிருச்சு, மம்பட்டிய எடு." உனக்கு அவ்வளவுதான் கணக்கு. எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஆள் இல்லையென்று, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வெட்டுவதை நிறுத்திய பிறகுதான் ஊற்று முதலில் கலங்கியது. மலையின் குறுக்கே வெட்டிய கான்களெல்லாம் தூர்ந்து, மழை நேராக இறங்கி வந்தது. நீ, அந்தக் காலத்தில் கான் வெட்டிய ஓர் ஆளைத் தேடிப் பிடித்து வேலையைக் கற்றுக்கொண்டு, கொழுந்து பறிக்கிற பெண்களாகப் பார்த்து ஒரு கூட்டம் சேர்த்தாய். பிள்ளைக்காம்பராவில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற என்னையும் இழுத்துவிட்டாய். பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் நமக்குச் சிரமதானம், கூலியில்லாத ஊர்வேலை. லயத்து ஆண்கள் தங்கள் வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து கேலி பேசினார்கள். "பொம்பளைங்க கான் வெட்டுனா மழ சிரிக்கும்" என்றார் ஒருவர். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சிரிக்கட்டும். கொஞ்சம் நின்னு சிரிச்சிட்டுப் போகட்டும், அதுக்குத்தான் குழி" என்றாய்.

ஆமாம், குழி. கானுக்குள் வரிசையாகக் குழிகள், இரண்டு குழிக்கு நடுவில் ஒரு தடுப்பு. மழைத்தண்ணீர் ஒவ்வொரு குழியிலும் நின்று, மண்ணைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, தெளிந்து அடுத்ததற்குத் தாண்டும். நிறைந்த மண்ணை அள்ளித் தேயிலைத் தூரில் போடவேண்டும். குழி வெறுமையாக இருந்தால்தான் வேலை செய்யும். இடுப்பு வலியென்று நான் ஒருமுறை ஆழம் குறைத்து வெட்டினேன். நீ முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்து, "இது கோழி குளிக்கிற பள்ளம்டி" என்று மறுபடி வெட்ட வைத்தாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

நீ காய்ச்சலில் போன பிறகு பதுளையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நீர்வளப் பாதுகாப்புக்கு நீ செய்த சேவையைப் பாராட்டி, உன் நினைவாக மரம் நடப்போகிறார்களாம். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெற்றிலைத் தட்டு ஏந்தி வரவேற்றவள் நான்தான். லொறி நிறையக் கறுப்புப் பைகளில் கன்றுகள் வந்தன. மலையில் ஏறிய அதிகாரி உன் கானைப் பார்த்ததும் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கூட வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்: "குழியெல்லாம் ரெடியா வெட்டி வச்சிருக்கீங்க, வேலை மிச்சம்னு சார் சந்தோஷப்படுறாரு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கப்போன நேரத்தில் உன் மகளைக் கூப்பிட்டு, முதல் கன்றை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே உன் குழியில் இறக்கினாள். "அம்மா" என்று சொல்லி மண்ணைத் தள்ளினாள். அதை எப்படியடி நான் தடுப்பேன்? ஒவ்வொரு குழியையும் மண் போட்டு மிதித்து மூடினார்கள். போட்டோ எடுத்தார்கள். உன் பெயரை எழுதி ஒரு பலகை நட்டார்கள். நான் தட்டோடு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த வாரம் மழை பிடித்தது. தண்ணீர் நிற்க இடமில்லாமல் கரையை உடைத்துக்கொண்டு, மண்ணோடு ஊற்றில் விழுந்தது. கீழ் லயம் முழுக்கக் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். பிள்ளைக்காம்பராவில் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். என் மடியில் துவண்டு கிடந்த ஒன்று உன் பேத்தி.

மறுநாளே பெண்களெல்லாம் மம்பட்டி எடுத்தோம். முதல் கன்றை உன் மகளே பிடுங்கினாள். ஒன்றையும் சாகவிடவில்லை, கானுக்கு மேல்புறத்தில் ஒழுங்காகக் குழி வெட்டி நட்டோம். பாதிக் கான் முடியும்போது அந்த அதிகாரியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அரசாங்கம் நட்ட கன்றுகளைப் பிடுங்கியது யார்? விளக்கம் தரவேண்டும். அதுவரைக்கும் யாரும் கானில் கை வைக்கக்கூடாது. ஊற்று கலங்கியது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கன்று இருந்த இடத்தில் இல்லை, அதுதான் அவர்களுக்குக் குற்றம்! மழைக்காலம் இன்னும் பாதிகூடப் போகவில்லை. மீதிக் குழிகளை இப்போதே திறக்காவிட்டால், அடுத்த மழையில் ஊற்றே மூடிப்போகும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போகிறேன். உன் மகளும் வருகிறாள். பிடுங்கியது நாங்கள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. கணக்கப்பிள்ளை வந்து, "மன்னிப்பு கேட்டு எழுதிக் குடுங்க, சும்மா விட்டுருவாங்க" என்றார். அந்த மன்னிப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகப் போட்டிருப்பாய்.

இன்று பிடித்த தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறேன். உன் கோப்பையும் பையில் இருக்கிறது. இந்தமுறை வெற்றிலைத் தட்டு இல்லை. அதிகாரியின் மேசையில் கோப்பையை வைத்து நிறைய ஊற்றுவேன். "பொட்டு தெரியுதாங்க சார்?" என்று கேட்பேன். தெரிகிறது என்று சொன்னால், குடிக்கச் சொல்வேன்.