ஓங்கிலும் மண்டையோட்டுப் பூச்சியும்

அண்ணை,

பின்னேரம், புகையிலை உணர்த்திக் காயவிடுகிற கொட்டிலில் இருந்து அந்தப் பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. முதுகில் மண்டையோடு வரைந்தது போல் இருக்குமே, அந்தப் பெரிய அந்துப்பூச்சி. பிடித்தேன், கீச்சிட்டது. உடனே உங்களை நினைத்தேன், அன்பினால் அல்ல. செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்வேன்.

கடலில் எதற்கும் அஞ்சாத நீங்கள் ஒருநாள் என் கையில் இந்தப் பூச்சி ஒன்றைக் கண்டு முற்றத்துக்கு ஓடினீர்கள். "விடடி அதை. யமன்ரை சாமான். அழுகுது, கேக்கேல்லையே?" என்றீர்கள். விட்டேன். உங்கள் முன்னால் அழுது தப்பிய சீவன் அது ஒன்றுதான்.

கடலில் ஓங்கிலும் அழும். நீள மூக்கோடு தண்ணீருக்கு மேல் சுழன்று துள்ளுமே, அந்த இனம். அதன் குட்டி ஒன்றை உயிரோடு வள்ளத்தில் கட்டிக் கரையோரம் கொண்டுவந்தீர்கள். அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "குட்டி அழட்டும். தாய் தன்ரைபாட்டிலை வரும்" என்றீர்கள். வந்தது, மண்டா ஈட்டியால் குத்தினீர்கள். பூச்சி அழுதால் பிடித்தவன் பயந்து விட்டுவிடுகிறான். ஓங்கில் குட்டி அழுதால் பிடித்தவனுக்குத் தாயும் கிடைக்கிறது. இந்த வித்தியாசம் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் கரவெட்டித் தோட்டக்காரர் ஒருவரோடு ஓடிப்போய்ப் பிள்ளையும் பெற்ற பிறகு, நீங்கள் சண்டைக்கு வரவில்லை. நான் கடையில் பாண் வாங்க வரிசையில் நின்ற நேரம், மாமியின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துப் போனீர்கள். நீங்களும் அம்மாவும் இருந்த வீட்டுக்கு ஓடிவந்தேன். எங்கள் ஒழுங்கை முனையிலேயே அழுகை கேட்டது. முற்றத்து மணலில் கிடந்தவனைத் தூக்கப்போன அம்மாவை மறித்தபடி நின்றீர்கள். "அழட்டும். தாய் தன்ரைபாட்டிலை வருவாள்."

வந்தேன். படலையைப் பூட்டினீர்கள். மாரி முழுக்கப் பிள்ளையோடு ஓர் அறையில் இருந்தேன். என்னவர் தேடிவந்து உங்களிடம் அடி வாங்கிப் போனார். நீங்கள் தொழிலுக்குப் போயிருந்த ஒரு நாள் அம்மாதான் திறந்துவிட்டா. அன்று தொட்டு உங்களை வெறுக்கிறேன்.

போன மாசியில் நீங்கள் படுக்கையில் விழுந்ததும் அம்மா ஆள் அனுப்பினா. "அண்ணை உங்களைக் கேட்டு அழுகிறார். ஒருக்கா வாங்கோவன், அக்கா" என்றான் வந்தவன்.

"அழட்டும்" என்றேன். புகையிலைக் கன்றுகளில் புழு பொறுக்கப் போய்விட்டேன்.

ஆனால் இன்றும் யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் உலையை விட்டுவிட்டு ஒழுங்கைக்கு ஓடுகிறேன். சைக்கிள் ஓடுகிற வயதாகிவிட்ட மகன் பின்னால் வந்து கையைப் பிடிக்கிறான்.

"உது ஆற்றையோ பிள்ளை, அம்மா. நான் இஞ்சை நிக்கிறன்."

அவன் சொல்வது எனக்குக் கேட்கிறது. கால் நிற்பதில்லை.